சவரத் தூரிகை: எதை வாங்கலாம்?

கேள்வி: பன்றிமயிர், பேட்ஜர் என்னும் காட்டு விலங்கின் மயிர், செயற்கை இழை ஆகிய மூவகை ஷேவிங் பிரஷ்களில் கொடுக்கும் காசுக்குத் தகுந்தது எது? விலை உயர்ந்ததுதான் தரமானதா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கடலோரத்தில் வசிக்கும் தங்களுக்குச் செயற்கை இழைப் பிரஷ்ஷையே பரிந்துரைப்பேன். அதன் இழை தண்ணீரை உறிஞ்சாது. உதறித் தொங்கவிட்டால் விரைவில் காய்ந்துவிடும் என்பதால், ஈரக்காற்று ஓயாத ஐப்பசி, கார்த்திகையிலும் பூஞ்சை வாடை அடிக்காது.

பன்றிமயிர் விலை குறைவு, விறைப்பு அதிகம். பயன்படுத்துமுன் சில நிமிடங்கள் வெந்நீரில் ஊற வேண்டும். புதிதில் கன்னத்தைக் குத்தும். ஆனால் நாளாக ஆக ஒவ்வொரு மயிரின் நுனியும் இரண்டு மூன்றாகப் பிளந்து, அடித்தண்டின் உறுதி குறையாமலேயே மேற்பகுதி மென்மையாகிவிடும். இந்தப் பக்குவத்துக்குக் காத்திருக்கும் பொறுமை உள்ளவருக்கு இது உண்மையிலேயே நல்ல பிரஷ். கட்டிச் சோப்பைக் கரைத்தெடுக்க இந்த விறைப்பு மிகவும் உதவும்.

பேட்ஜர் மயிர் நீரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதில் 'சில்வர்டிப்' என்னும் உயர்ரகத்துக்குத் தரப்படும் விலையில் பெரும்பங்கு மென்மைக்கானதே. நுரையின் தரம் சோப்பையும் தண்ணீரையும் பொறுத்தது. உப்புத் தண்ணீரில் எந்தப் பிரஷ்ஷும் திணறும்.

எதை வாங்கினாலும் குஞ்சத்தின் அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். நடுவில் மயிர் அடர்ந்திராமல் குழிந்தால் வாங்க வேண்டாம். முதல் சில நாட்கள் ஓரிரு மயிர் உதிர்வது இயல்பு. அதன்பிறகும் கொத்தாக உதிர்ந்தால் பசை ஒட்டியது சரியில்லை. கடையில் மாற்றிக் கேளுங்கள்.