பேட்லெத்தை எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள சார்,

ஸ்டார் டிரெக் பற்றியும், திரையில் வரும் பொருட்களை வீட்டில் செய்வது பற்றியும் நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். கிளிங்கான் என்ற வேற்றுக்கிரகப் போர்வீரர் இனத்தைச் சேர்ந்த வோர்ஃப் கையில் வைத்திருக்கும் பேட்லெத் என்ற பிறை வடிவ வாள் ஒன்றை நானே செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இணையத்தில் ஒரு வரைபடம் கிடைத்தது. நண்பர் ஒருவர் லேசர் கட்டிங் பட்டறை வைத்திருக்கிறார், 6 மி.மீ. இரும்புத் தகட்டில் வெட்டித் தருவதாகச் சொல்கிறார். அதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். இரும்பு நல்லதா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? கொஞ்சமாவது கூர் வைக்கலாமா? காமிக் கான் ரசிகர் விழாவுக்குக் கொண்டுபோக முடியுமா? அப்புறம், டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் கிளிங்கான்களின் புராண நாயகன் காலெஸின் வாள் என்று வேலைப்பாடுகளோடு ஒன்று வருகிறதே, நேராக அதையே செய்துவிடலாமா? வரைபடத்தை இணைத்திருக்கிறேன்.

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

வரைபடத்தைப் பார்த்தேன். வெளிக்கோடு நன்றாகவே இருக்கிறது. இரண்டு நீள நுனி, உள்ளே இரண்டு குட்டை நுனி, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் முதுகுப் பக்கம் இருக்கும் மூன்று பிடிகளைக் கவனியுங்கள். விரல் நுழைய விட்டிருக்கும் இடைவெளி அந்த அளவில் 2 செ.மீ.தான் வருகிறது. அதில் நான்கு விரலை விட்டு மடக்கவே முடியாது, தோல் சுற்றியபின் கேட்கவே வேண்டாம். வரைந்தவர் திரையைப் பார்த்துக் கோடு போட்டிருக்கிறார், அந்த அளவில் ஒன்றை வெட்டிக் கையில் பிடித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நண்பரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

நான் பிடியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த ஆயுதம் பிறந்த விதம். ஸ்டார் டிரெக்கின் தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரில் 1990இல் வந்த 'ரீயூனியன்' அத்தியாயத்தில்தான் பேட்லெத் முதலில் வருகிறது. வோர்ஃப் அதைத் தன் மகன் அலெக்சாண்டருக்குக் காட்டி விளக்குவார், பிறகு அதே ஆயுதத்தோடு போய்த் தன் எதிரி டூராஸைக் கொல்வார். அதை வடிவமைத்தவர் டான் கர்ரி. அவர் ஆயுதத் துறை ஆள் இல்லை, தொடரின் விஷுவல் எஃபெக்ட்ஸைக் கவனித்தவர். இளம் வயதில் தாய்லாந்தில் இருந்தவர், ஆசியத் தற்காப்புக் கலைகளைப் பழகியவர். சீன ஆயுதங்களின் பிறை வடிவம், இரட்டைக் கோடரி, இதெல்லாம் அவர் மனதில் இருந்தது. திரையில் பார்க்கப் பயங்கரமாக இருந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. ஒரு உடம்பு அதை எப்படிச் சுழற்றும், எந்தக் கை எங்கே பிடிக்கும், ஒரு கையை விட்டு நடுப்பிடிக்கு எப்படி மாறும் என்பதிலிருந்து தொடங்கினார். முதல் மாதிரியை ஃபோம் போர்டில்தான் வெட்டினார். வோர்ஃபாக நடித்த மைக்கேல் டார்னுக்கு அசைவுகளைச் சொல்லிக்கொடுத்ததும் அவரே. ஆக, முதலில் அசைவு, அதற்கேற்ற பிடி, அதற்குப் பிறகுதான் அந்த வளைவும் நுனிகளும். நாம் எல்லோரும் செய்யும்போது வெளிக்கோட்டைக் கச்சிதமாக நகல் எடுத்துவிட்டு, கடைசியில் பிடிக்கு எங்காவது ஒரு ஓட்டை போடுகிறோம், அப்படிச் செய்தது சுவரில் மாட்டினால் அழகாகத் தெரியும், கையில் எடுத்தால் இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

அதனால் நீங்களும் அட்டையில் தொடங்குங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வரும் கனமான அட்டை போதும். தொடரிலேயே இதன் நீளம் 116 செ.மீ., எடை 5.3 கிலோ, பாகோனைட் என்ற கற்பனை உலோகக் கலவை என்று கணக்கு சொல்லப்படுகிறது. நீளத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய தாளை நடுவில் மடித்து பாதி வடிவத்தை மட்டும் வரைந்து வெட்டுங்கள், பிரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். கையால் இரண்டு பக்கமும் தனித்தனியாக வரைந்தால் எங்காவது அரை செ.மீ. இழுத்துவிடும், இந்த வடிவத்தில் அது உடனே கண்ணில் படும். அந்தத் தாளை அட்டையில் ஒட்டி வெட்டிவிட்டு, ஓரப் பிடிகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நில்லுங்கள். கைகள் தோளகலத்தைவிடக் கொஞ்சம்தான் விரிய வேண்டும். முழங்கை முழுசாக நீண்டுவிட்டால் பிடிகளுக்கு நடுவே தூரம் அதிகம் என்று அர்த்தம். அப்புறம் ஒரு கையை மேலே கொண்டுபோய் நெட்டாக நிறுத்துங்கள், மெதுவாகச் சுழற்றுங்கள். உள் நுனி முன்கையில் இடித்தால் அந்த இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். விரலிடைவெளி 12 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம் என்று தொடங்கி உங்கள் கைக்கு ஏற்ப மாற்றலாம். மைக்கேல் டார்ன் ஆறடிக்கு மேல் உயரம், நீங்கள் அவ்வளவு இல்லையென்றால் மொத்த வடிவத்தையும் ஐந்து சதவீதம் குறைப்பதில் ஒரு தப்பும் இல்லை. உங்கள் உடம்புக்குப் பொருந்துவதுதான் கர்ரி செய்ததற்கு நெருக்கமானது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது இரும்புக்கு வருவோம். வேண்டாம். துருப்பிடிக்குமா பிடிக்காதா என்பதெல்லாம் அப்புறம். இந்த வடிவத்தின் பரப்பு துளைகள் போக சுமார் 1,000 சதுர செ.மீ. வரும், 6 மி.மீ. இரும்பில் வெட்டினால் கிட்டத்தட்ட 5 கிலோ. தொடரில் சொல்லும் எடைக்கு மிக அருகில் வருகிறது என்று உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கலாம், ஆனால் கிளிங்கான்களின் பலம் நமக்கு இல்லை. ஐரோப்பாவில் நிஜமாகவே சண்டைக்குப் பயன்பட்ட நீள வாள்களே பொதுவாக ஒன்றேகால், ஒன்றரைக் கிலோதான். ஐந்து கிலோ தகடு, நான்கு நுனி, வீட்டில் ஆட்கள் நடமாடும் இடத்தில் இரண்டு ஆணியில் தொங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். படப்பிடிப்பிலேயே கிட்டத்தில் காட்ட அலுமினியத்தில் ஒன்று, சண்டைக்கு ரப்பரில் வேறு என்றுதான் வைத்திருந்தார்கள்.

கூர் பற்றிய கேள்விக்கும் அதே பதில், கொஞ்சம்கூட வேண்டாம். நம் ஆயுதச் சட்டத்தின் விதிகளில் வாள், ஈட்டி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அலகுள்ள கத்தி எல்லாம் பட்டியலில் இருக்கின்றன, அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் அவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும். இது தொலைக்காட்சியில் வந்த பொம்மை சார் என்று ரோட்டில் நின்று ஒரு காவலருக்கு விளக்கும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் 2009இல் ஒருவன் முகமூடி போட்டுக்கொண்டு பேட்லெத் போன்ற ஒன்றோடு கடைகளில் கொள்ளையடிக்கப் புகுந்தான், செய்தியாகவே வந்தது. கற்பனை ஆயுதம்தானே என்று எதிரே நிற்பவர் நினைக்கமாட்டார்.

நான் சொல்வது 12 மி.மீ. மரைன் பிளைவுட். மொத்த எடை ஒரு கிலோவை ஒட்டி நிற்கும், கையில் ஒரு கனமும் தெரியும். எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) எடுக்காதீர்கள், வெட்டுவதற்குச் சுலபம்தான், ஆனால் ஒருமுறை கீழே விழுந்தால் நுனி பொடிந்துவிடும். மலிவான பிளைவுட்டும் வேண்டாம், உள்ளே அடுக்கி ஒட்டிய மரத் தாள்களுக்கு நடுவே பொந்து இருக்கும், அது சரியாக நுனியில் வந்து மாட்டும். பிடித் துளைகளுக்கு இரண்டு முனையிலும் ஹோல்சாவில் (வட்டத் துளை போடும் ரம்பம்) வட்டம் போட்டுவிட்டு நடுவை ஜிக்சாவில் (வளைவு வெட்டும் மின் ரம்பம்) இணைத்தால் மூலைகள் உருண்டையாக வரும். பிளேடு மெல்லிய பல்லாக இருக்கட்டும், கோட்டுக்கு வெளியே ஒரு மி.மீ. விட்டு வெட்டி அரத்தால் கோடு வரை கொண்டுவாருங்கள்.

அடுத்து அலகின் சரிவு. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மரைன் பிளைவுட்டில் தாள்களுக்கு நடுவே பசைக்கோடு கரும்பழுப்பாக இருக்கும். ஓரத்திலிருந்து 3 செ.மீ. உள்ளே ஒரு கோடு போட்டு, அங்கிருந்து விளிம்பு நோக்கி மர அரத்தால் சரித்துக்கொண்டே வந்தால் ஒவ்வொரு தாளாக வெளியே தெரிய ஆரம்பிக்கும், வெளிர் பட்டை, கரும்கோடு, சிவந்த பட்டை, மறுபடி கரும்கோடு என்று வளைவோடு சேர்ந்து ஓடும். அந்தக் கோடுகள் ஒன்றுக்கொன்று சம தூரத்தில் போனால் உங்கள் சரிவு சமமாக இருக்கிறது. ஒரு இடத்தில் கோடு அகலமாகி உப்பினால் அங்கே அதிகம் தேய்த்திருக்கிறீர்கள், நெருங்கினால் இன்னும் தேய்க்க வேண்டும். அளவுகோலே வேண்டாம், மரமே சொல்லிவிடும். கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வட்டு) போட்டுச் செய்தால் கால்வாசி நேரத்தில் முடியும், ஆனால் முதல் முறை அரத்தால் செய்யுங்கள், கைக்கு அந்த வளைவு பழகும். விளிம்பை 3 மி.மீ. தட்டையாக விட்டுவிடுங்கள், நுனிகளை ஒரு ரூபாய் நாணய ஓரம் மாதிரி உருட்டிவிடுங்கள். நாலடி தள்ளிப் பார்த்தால் கூராகத்தான் தெரியும்.

உலோகமாகத் தெரிவதெல்லாம் பெயிண்டுக்கு முன்னால் செய்யும் வேலையில் இருக்கிறது. மர ரேகை ஒரு இடத்தில் தெரிந்தாலும் கண் ஏமாறாது. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, வாட்டர் பேப்பரில் 220, 400, 600 என்று ஏறிப் போங்கள், பிரைமர் அடித்ததும் தெரியும் பள்ளங்களை மறுபடி நிரப்புங்கள். சலிப்பான வேலைதான், வழி வேறு இல்லை. பிறகு பளபளக்கும் கறுப்பு, அது நன்றாகக் காய்ந்தபின் அதன் மேல் சில்வரை மெல்லிசாகப் பல முறை. கடைசியில் பென்சில் கிராஃபைட் பொடியைத் துணியில் தொட்டு விளிம்புகளில் தேய்த்தால் பெயிண்ட் என்பது மறைந்து இரும்பின் கருமை வரும்.

பிடிக்கு 6 மி.மீ. பிளைவுட் பட்டைகளை முன்னும் பின்னும் ஒட்டுங்கள், 24 மி.மீ. கனம் கிடைக்கும், அதை அரத்தால் உருட்டுங்கள். இதைப் பெயிண்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். சுற்றுவதற்கு ரெக்சின் வேண்டாம், வியர்வையில் வழுக்கும். நிஜத் தோல் வார், ஒரு விரல் அகலம், லேசாக ஈரப்படுத்தி இழுத்துச் சுற்றினால் காயும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மட்டும் பசை வைத்து, உள்பக்கமாக, உள்ளங்கை படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காமிக் கானுக்கு இந்தப் பிளைவுட் பேட்லெத்தைக்கூட நம்பிக் கொண்டுபோகாதீர்கள். பொதுவாக இப்படிப்பட்ட விழாக்களில் உலோகம் கூடவே கூடாது, கெட்டியான மரத்தையும் பல இடங்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். விதிகளை முன்கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குள் போக மெத்தென்று ரப்பர் போல இருக்கும் இ.வி.ஏ. ஃபோம்தான் சரி. 10 மி.மீ. ஷீட் இரண்டை உங்கள் அதே அட்டை அச்சில் வெட்டி, நடுவே மெல்லிய பி.வி.சி. குழாயைப் புதைத்து ஒட்டிவிட்டு, மேலே ஹீட் கன் காட்டினால் துவாரங்கள் மூடிக்கொள்ளும். குழந்தை மேல் லேசாகப் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

காலெஸின் வாளுக்கு இப்போது போகாதீர்கள். 1995இல் அந்த அத்தியாயம் வந்தபோது அதன் வேலைப்பாடு எனக்கும் பெரிய ஆசையைக் கிளப்பியது, ஆனால் அதன் அழகு முழுக்க உலோகத்தின் மேல் செதுக்கிய கோடுகளில் இருக்கிறது, மரத்தில் வெட்டிப் பெயிண்ட் அடித்தால் அந்தக் கோடுகள் மொழுக்கென்று நின்றுவிடும். வோர்ஃபின் பேட்லெத்தில் அலங்காரம் கிடையாது, வளைவும் பிடியும் மட்டும்தான், நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதும் அந்த இரண்டையும்தான். உங்கள் நண்பரின் லேசர் வீணாகாது, அட்டையில் அளவு முடிவானதும் 12 மி.மீ. பிளைவுட்டை அவரிடமே வெட்டக் கேளுங்கள். இயந்திரம் மரம் வெட்டக்கூடியதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், தகடு வெட்டும் ஃபைபர் லேசரில் பிளைவுட் வெட்ட முடியாது. அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோவை, முன்னிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, அனுப்புங்கள், பிடி சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.