ஆத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? மதுரைக்குக் குடிவருவோர் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். முப்பது வருடம் மதுரையில் கல்லூரி ஆசிரியர், அதில் பதினோரு வருடம் விடுதிக் காப்பாளர், சொந்த வீடு கட்டுவதற்குள் ஒன்பது வாடகை வீடு மாறியவன் என்பதுதான் என் தகுதி. இந்த முறை வந்தவற்றில் எல்லோருக்கும் பயன்படும் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

பையனுக்கு அமெரிக்கன் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு மதுரைக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறோம். திருநகரில் வாடகை குறைவு, அமைதியான இடம் என்று உறவினர் சொல்கிறார். போகலாமா? (வாசகர், சாத்தூர்)

திருநகர் நல்ல இடம்தான். ஆனால் உங்கள் பையனுக்கு இல்லை.

மதுரையில் வீடு பார்க்க வருகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கல்லூரி ஆத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? அமெரிக்கன், லேடி டோக், மீனாட்சி, மருத்துவக் கல்லூரி, விளாங்குடிப் பக்கம் பாத்திமா, திருப்பாலையில் யாதவர் கல்லூரி எல்லாம் வைகைக்கு வடகரை. தெப்பக்குளம் தியாகராசர் கல்லூரி, மதுரைக் கல்லூரி, பசுமலைக் கல்லூரிகள், திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரி, காமராசர் பல்கலைக்கழகம் எல்லாம் தென்கரை. எந்தக் கரையில் படிப்போ அந்தக் கரையில் வீடு. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

1889-இல் கட்டிய ஏ.வி. பாலம் இன்னும் வண்டி தாங்குகிறது. அதற்கப்புறம் எத்தனையோ பாலம் வந்துவிட்டது. இருந்தாலும் காலை எட்டரை மணிக்கு எந்தப் பாலத்தில் ஏறினாலும் ஒரே கதைதான். பாலம் தாண்டினால் கோரிப்பாளையம் சிக்னல். தென்கரையில் இருக்கும் திருநகரிலிருந்து பஸ் ஏறும் பையன் பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி, மாறி, பாலம் தாண்டி வகுப்புக்குள் நுழையும்போது முதல் பீரியட் பாதி ஓடியிருக்கும். இன்னொன்று, சித்திரைத் திருவிழாவும் செமஸ்டர் பரீட்சையும் பல வருடம் அடுத்தடுத்துத்தான் வரும். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று உள்ளூர் விடுமுறை விடுவார்கள், சரி. அதற்கு முன்னும் பின்னும் ஊருக்குள் எந்தத் தெரு திறந்திருக்கும் என்று போலீஸ்காரரைத்தான் கேட்கவேண்டும்.

நரிமேடு, பீபீகுளம், ரிசர்வ் லைன், அய்யர் பங்களா என்று பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பெட்ரோலையும் பையனின் தூக்கத்தையும் கணக்கில் சேர்த்தால் சரியாகிவிடும். செல்லூர், நரிமேட்டுப் பக்கம் தாழ்வான தெரு என்றால் மட்டும் கூடுதலாக விசாரியுங்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் கண்மாய் நிரம்பி வந்த தண்ணீர் அங்கே வீடுகளுக்குள் புகுந்தது. காம்பவுண்ட் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

மகளைக் கல்லூரி விடுதியில் சேர்ப்பதா, வெளியே லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ப்பதா? வெளியே சாப்பாடு நன்றாக இருக்கும் என்கிறாள். (ஒரு தாய், பரமக்குடி)

அம்மா, முதல் வருடம் கல்லூரி விடுதியில் இடம் கிடைத்தால் அதை விடவேண்டாம். சாப்பாட்டுக் குறை எந்த விடுதியிலும் இருக்கும். பதினோரு வருடம் சாம்பாரைப் பற்றி மட்டுமே புகார் வாங்கியவன் சொல்கிறேன்.

வெளியேதான் என்று முடிவானால், சேர்ப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். பெண்கள் விடுதி நடத்த 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். "லைசென்ஸ் காட்டுங்க" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். உரிமம் இருக்கிற இடத்தில் அலுவலக அறையிலேயே மாட்டியிருப்பார்கள். அடுத்தது மாடிப்படி. 2024 செப்டம்பரில் கட்ராபாளையத்தில் ஒரு மகளிர் விடுதியில் விடியற்காலையில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு எந்த விடுதிக்குள் போனாலும் என் கண் முதலில் படியைத்தான் தேடுகிறது. இறங்க ஒரே வழிதானா? அந்த வழியில் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், செருப்பு ஸ்டாண்ட் என்று அடைத்து வைத்திருக்கிறார்களா? ஜன்னல் கம்பியைத் திறக்க முடியுமா? பழைய கட்டடத்தில் ஒரே பிளக்கில் நாலு சார்ஜர் தொங்கினால், மெனு கார்டைப் பார்க்காமலே வெளியே வந்துவிடுங்கள்.

வசதி குறைவு என்றால் அரசின் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதிகளுக்கும் விண்ணப்பியுங்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். வீட்டிலிருந்து கல்லூரி இத்தனை கிலோமீட்டருக்கு மேல் இருக்கவேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. மகள் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் இருப்பதால் அந்தப் பணம் அப்படியே கைச்செலவுக்கு நிற்கும்.

வாடகைக்குப் பதிலாக ஐந்து லட்சம் ஒத்திக்குக் கேட்கிறார்கள். மூன்று வருடம் கழித்து முழுப் பணமும் திரும்ப வரும் என்றால் லாபம்தானே? (வாசகி, விருதுநகர்)

கணக்கு லாபம்தான். ஐந்து லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருடம் 35,000, மாதம் மூவாயிரத்துக்கும் கீழே. அந்த வீட்டுக்கு வாடகை ஒன்பதாயிரம் என்றால் மாதம் ஆறாயிரம் மிச்சம். மதுரையில் பாதிப் பேர் ஒத்தி தேடுவது இதற்காகத்தான். ஆனால் வீட்டுக்காரர் ஏன் அந்த ஆறாயிரத்தை விட்டுக்கொடுக்கிறார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, கடன் என்று அவருக்கு மொத்தப் பணம் இப்போது வேண்டும். மூன்று வருடம் கழித்து அதை எங்கிருந்து எடுப்பார்? பெரும்பாலும் அடுத்த ஒத்திக்காரரிடமிருந்து. அந்த ஆள் வரும் வரைக்கும் நீங்கள் காலி செய்யவும் முடியாது, பணமும் வராது. என் தங்கை குடும்பம் இப்படி ஒரு வீட்டில் ஒத்தி முடிந்தும் பதினான்கு மாதம் காத்திருந்தது. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பார்க்கும்போதெல்லாம் காபி கொடுத்தார். பணம்தான் கொடுக்கவில்லை.

போவதாக இருந்தால், வீட்டுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பத்திரப்பதிவுத் துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் அந்த வீட்டை மறந்துவிடுங்கள். கடன் கட்டாமல் ஏலத்துக்கு வந்தால் வங்கிக்குப் பின்னால்தான் நீங்கள் நிற்கவேண்டும். கடன் இல்லை என்றால் ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இப்படிப்பட்ட அடமானம் பதிவு செய்தால்தான் செல்லும். இருபது ரூபாய் பத்திரத்தில் நோட்டரி முத்திரை குத்தி "நாங்க எப்பவும் இப்படித்தான் செய்வோம்" என்பார்கள். பதிவுச் செலவு யார் தலையில் என்பதில் பேச்சு முறியும். முறிந்தால் முறியட்டும், வாடகை வீடு பாருங்கள்.

தண்ணீர் நல்ல தண்ணீரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லா வீட்டுக்காரரும் "சர்க்கரைத் தண்ணி" என்றே சொல்கிறார்கள். (வாசகர், போடி)

பாத்ரூம் குழாயின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால் போர் தண்ணீர் உப்பு. புதுக் குழாய் மாட்டியிருந்தால் வாளியின் உள்பக்கம் பாருங்கள், அதை யாரும் மாற்றமாட்டார்கள். உப்புத் தண்ணீரில் துவைக்கலாம், பருப்பு வேகாது. கார்ப்பரேஷன் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு வரும் என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிரே இஸ்திரி போடுகிறவரிடம் கேளுங்கள்.

அப்படியே வீட்டை இரவு எட்டு மணிக்கு மேலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் அந்த நேரத்திலும் தோசைக்கல் மாதிரி சுடுகிறதா? மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால் மதுரைச் சித்திரையில் அங்கே படிக்க முடியாது, தூங்கவும் முடியாது. நான் ஒரு வீட்டைப் பகல் பதினோரு மணிக்குப் பார்த்துவிட்டு, காற்று என்ன, வெளிச்சம் என்ன என்று அட்வான்ஸ் கொடுத்தேன். ஆடி பிறந்த அன்று விடியற்காலை நாலரைக்குத்தான் தெரிந்தது, படுக்கையறை ஜன்னலுக்கு நேரே அம்மன் கோயில் கூம்பு ஸ்பீக்கர்.

காமராசர் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர்கிறேன். நாகமலைப் புதுக்கோட்டையில் தங்குவதா, ஊருக்குள்ளா? (மாணவர், தேனி)

என்ன பாடம் என்று எழுதவில்லையே தம்பி! ஆய்வகப் படிப்பு என்றால் நாகமலையடியிலேயே அறை எடுங்கள். இரவு பத்து மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு ஊருக்குப் பஸ் தேடிக்கொண்டிருக்க முடியாது. தமிழ், வரலாறு என்றால் விஷயம் வேறு. உங்களுக்கு வேண்டிய பழைய புத்தகங்கள் பல, 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கத்து நூலகத்திலும் காந்தி மியூசிய நூலகத்திலும் கிடக்கும். அப்போது காளவாசல், எஸ்.எஸ். காலனிப் பக்கம் தங்கினால் இரண்டு திசைக்கும் நடுவில் இருக்கலாம். கைடு வாரத்தில் எத்தனை நாள் கேம்பஸுக்கு வருவார் என்று சீனியரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீடு பிடித்துவிட்டது. ஓனரம்மா "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார். என்ன சொல்வது? (பெயர் வேண்டாம்)

உங்களிடம் நேராகக் கேட்டிருக்கிறார். பலர் "குலதெய்வம் எது?", "சொந்த ஊர் எந்தப் பக்கம்?", "கறி சமைப்பீங்களா?" என்று சுற்றி வளைத்து அதே இடத்துக்குத்தான் வருவார்கள். என்னோடு வேலை பார்த்த இளம் ஆசிரியர் ஒருவர் காலையில் அட்வான்ஸ் கொடுத்தார். மாலையில் குலதெய்வம் பற்றிப் பேச்சு வந்தது. மறுநாள் "அண்ணன் மகன் குடிவர்றான் சார்" என்று பணம் திரும்பி வந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒரு ரூபாய் குறையவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

பொய் சொல்லாதீர்கள். சொன்னால் அந்த வீட்டில் இருக்கும் வரை விருந்தாளி வரும்போதெல்லாம் பயந்துகொண்டே இருக்கவேண்டும். "அதைக் கேட்டுத்தான் தருவீங்கன்னா வேண்டாங்கம்மா" என்று எழுந்து வரலாம். வீட்டுக்காரர் கீழேயே குடியிருக்கும் மாடி போர்ஷன்களில்தான் இந்த விசாரணை அதிகம். ஓனர் வெளியூரில் இருக்கும் அடுக்குமாடி வீடுகள், எல்லிஸ் நகர் மாதிரி வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் என்று தேடினால் கேள்வி குறையும். இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். கலைஞர் நூலகத்துக்குப் பக்கத்தில் ரூம் எடுக்கட்டுமா, உசிலம்பட்டியிலிருந்து தினமும் வந்து போகட்டுமா? (வாசகர், உசிலம்பட்டி)

தினமும் வந்து போகாதீர்கள். ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, புது நத்தம் ரோட்டுக்கு வந்து சேரும்போதே பாதிச் சக்தி போயிருக்கும். 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து அந்த நூலகம் போட்டித் தேர்வுக்காரர்களுக்குப் பெரிய வரம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் இருக்கிறது. ஆனால் ஏசியும் அமைதியும் பார்த்து இப்போதே ரூம் எடுத்தால், தேர்வு வருவதற்குள் கையில் இருக்கும் காசு கரைந்துவிடும். பள்ளிப் பாடப்புத்தகங்களை வீட்டிலேயே ஒரு சுற்று முடியுங்கள். தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது இரண்டு பேராகச் சேர்ந்து ரிசர்வ் லைன், நாராயணபுரம் பக்கம் அறை பாருங்கள். மூன்றாவது ஆளைச் சேர்த்தால் அரட்டை. முழுக்கைச் சட்டை ஒன்று எடுத்து வையுங்கள், ஏசி குளிர் கடுமை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசப் பயிற்சி வகுப்பு நடக்கிறதா என்றும் ஒரு நடை போய்க் கேளுங்கள்.

ஒரே கல்லூரியில் எய்டட் (அரசு உதவி பெறும் பிரிவு) கிடைக்கவில்லை, செல்ஃப் ஃபைனான்ஸில் (சுயநிதிப் பிரிவு) இடம் தருகிறார்கள். பட்டத்தில் வித்தியாசம் இருக்குமா? (மாணவி, மேலூர்)

இருக்காது. கொடுப்பது அதே பல்கலைக்கழகப் பட்டம். கட்டணமும் நேரமும்தான் வேறு. பல கல்லூரிகளில் செல்ஃப் வகுப்பு மதியத்துக்கு மேல்தான் தொடங்கும், முடிய இருட்டிவிடும். மேலூர் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு சேருங்கள்.

ஆறு மாத வாடகை அட்வான்ஸ் கேட்கிறார்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாதத்தைப் பிடித்துக்கொள்வார்களாமே? (வாசகர், சிவகங்கை)

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் புது வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும் என்பதால் போடுவதற்கு முன் பேசுங்கள். ஆறு கேட்பவர் நாலுக்கு இறங்குவார். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிவு செய்யவும் வேண்டும். வெள்ளையடிக்கும் தொகையை அப்போதே எண்ணில் எழுதி வாங்குங்கள்.

நான் ஒரு வீட்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் பேனாவோடு வந்து சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளை வட்டமிட்டு எண்ணினார். பதினேழு. அதில் ஒன்பது எனக்கு முன்னால் இருந்தவர் அடித்தது என்று சொன்னேன், நிரூபிக்க வழியில்லை. அப்புறம் போன வீட்டிலெல்லாம் சாமான் இறக்குவதற்கு முன் நாலு சுவரையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். கரண்ட் மீட்டரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். தனி மீட்டரா, வீட்டுக்காரர் மீட்டரிலிருந்து வரும் கிளை மீட்டரா என்று அப்போதே தெரிந்துவிடும். கிளை மீட்டர் என்றால் இலவச 100 யூனிட் உங்களுக்கு வராது. யூனிட்டுக்கு எவ்வளவு என்று அதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.