நிலாவெளிக் கல்லும் ஊதா நிறமும்

வணக்கம் தம்பி. நிலாவெளிக் கடற்கரையில் எடுத்த கறுப்புக் கல்லை ஊறவைத்த நீரில் நின்ஹைட்ரின் என்ற சோதனை இரசாயனத்தை விட்டுச் சூடாக்கியபோது ஊதா நிறம் வந்தது, அப்போ இது விண்கல்தானே என்று கேட்டிருந்தீர்கள். அந்த நிறம் புரதங்களைக் கட்டும் கூறான அமினோ அமிலம் இருக்கலாம் என்று மட்டும்தான் சொல்லும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. கரைவலை இழுக்கும் மணலில் கிடந்த கல் அது. மீன் செதில், பாசி எல்லாம் பட்டிருக்கும். விரல் வியர்வையே போதும்.

1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் இதே சந்தேகம் எழுந்தது. அதைத் தீர்த்த விதம்தான் அருமை. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு, நம் இரு கைகள்போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள் உண்டு. பூமியின் உயிர்கள் புரதம் கட்ட இடக்கை வடிவ அமிலங்களையே எடுக்கின்றன. அந்தக் கல்லிலோ பல அமிலங்களில் இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறக்குறையச் சமம். புரதங்களில் இல்லாத ஐசோவலின் என்ற அமினோ அமிலமும் இருந்தது. காபனின் சற்றுப் பாரமான வகையான காபன்-13இன் பங்கும் பூமி உயிர்ப்பொருளில் உள்ளதைவிடக் கூடுதல். இவற்றைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அளக்க முடியாது.

சரி, நீங்கள் முதலில் அதே இடத்துச் சாதாரணக் கல் ஒன்றையும் அதேபோல் சோதியுங்கள். அதுவும் ஊதாவானால் விடை கிடைத்துவிடும். காந்தத்துக்கு இழுபட்டால் விண்கல்தான் என்றும் நம்ப வேண்டாம், புல்மோட்டைக் கறுப்பு மணலே காந்தத்துக்கு இழுபடும். கல்லின் மூலையை அரத்தால் தேய்த்து, உள்ளே, பல விண்கற்களில் இருப்பதுபோல், சின்ன உருண்டை மணிகள் தெரிந்தால் படம் எடுத்துப் பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறைக்கு எழுதுங்கள்.