சமாதானமும் சாட்சியும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கட்டுரைகளை என் மகள் மொபைலில் எடுத்துத் தருவாள், வாசிப்பேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் கணவர் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சிறுநீரகக் கோளாறில் இறந்துபோனார். டயாலிசிஸ் செய்த காலமெல்லாம் சபையார் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். பிழைத்துவிடுவார் என்றுதான் நானும் நம்பினேன். அந்தப் புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் 'சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன்' என்ற வசனம் இருந்தது. பிப்ரவரியில் அவர் போய்விட்டார்.

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்கிறவர்கள் எல்லோரும் 'கர்த்தர் சொல்லிமுடியாத சமாதானம் தந்தார்' என்கிறார்கள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான். முழங்கால்போட்டால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரை போட்டுத் தூங்குவது தேவனை நம்பாத குற்றம் ஆகாதா? ஓர் அக்கா தனியாகக் கூப்பிட்டு, 'மறைவான பாவம் இருந்தால் அறிக்கைபண்ணு, சமாதானம் தானாக வரும்' என்றார். இப்போதெல்லாம் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கும்போது கை நீட்டவே கூச்சமாக இருக்கிறது. இல்லாததை எப்படிக் கொடுப்பது? என் கொழுந்தனும் அதே சபைதான். மாமனார் பிரிக்காமல் விட்டுப்போன மனையில் எங்களுக்குப் பங்கில்லை என்கிறார். அவரை மன்னித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மெய்யான சமாதானம் என்று ஒன்று உண்டா அண்ணன்? உண்டென்றால் எனக்கு ஏன் வரவில்லை?

ஜெ.
(பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன)

அன்புள்ள சகோதரி ஜெ.,

முதலில் அந்த அக்கா சொன்னதை முடித்துவிடுவோம். வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து புலம்பிய யோபுவிடம் அவருடைய சிநேகிதர்கள் அதிகாரம் அதிகாரமாகச் சொன்னதும் இதைத்தான். கடைசியில் தேவனுடைய கோபம் யாருக்கு எதிராக மூண்டது என்று 42ஆம் அதிகாரத்தில் பாருங்கள். புலம்பியவர் மேல் அல்ல, விளக்கம் சொன்னவர்கள் மேல். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நான் எழுதுவதையும் ஒரு சந்தேகத்தோடு வாசியுங்கள். நோயில் கிடப்பவர்களுக்கு ஆறுதல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள். டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து, அதிலிருந்து 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகளைத் தன் அறையிலேயே கழித்தார். தனக்கு வந்துசேர்ந்த ஆறுதல் பிரசுரங்களைப் பற்றி அவருக்கு இதே குறை இருந்தது. அதனாலேயே படுக்கையில் இருந்தபடி, படுக்கையில் இருப்பவர்களுக்கென்று தானே எழுதத் தொடங்கினார். நான் படுக்கையில் இல்லை, துணையை இழந்தவனும் இல்லை. அந்த அளவுக்குத்தான் என் பேச்சுக்கு மதிப்பு.

உங்கள் அட்டையில் இருந்த வசனத்துக்கு வருகிறேன். அட்டை அச்சிடுகிறவர்கள் ஒரு வரியைக் கத்தரித்து எடுக்கிறார்கள், அது பேசப்பட்ட இரவை விட்டுவிடுகிறார்கள். யோவான் 14:27 இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் சொன்னது. யூதாஸ் அப்போதுதான் எழுந்து இருட்டுக்குள் போயிருக்கிறான். சொன்னவர் நிலைமை என்ன? 'இப்பொழுது என் ஆத்துமா கலங்குகிறது, நான் என்ன சொல்லுவேன்' என்று 12ஆம் அதிகாரத்தில் சொன்னவர் அவர். மேஜையில் உட்கார்ந்திருக்கும்போதே மறுபடி கலங்கினார் என்று 13ஆம் அதிகாரம் சொல்கிறது. இதெல்லாம் நடந்த பிறகுதான் 'என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்' என்கிறார். அதே இரவில் கெத்செமனேயில், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று வியர்வை இரத்தத் துளிகளாக விழும்படி ஜெபித்தார். இந்த மனிதரைப் பார்த்து 'உம்மிடம் சமாதானம் இல்லை, மறைவான பாவம் இருக்கும்' என்று யாராவது சொல்லத் துணிவார்களா? அவர் கொடுத்தது, கலக்கமும் கண்ணீரும் உள்ளே இருக்கும்போதே பிதாவின் கையை விடாத ஒன்று. நீங்கள் இத்தனை நாள் தேடிக்கொண்டிருப்பது கலக்கமே இல்லாத ஒரு நிலையை. அது இந்த வசனத்தில் இல்லை. உங்கள் கணவர் பிழைப்பார் என்ற வாக்கும் அதில் இல்லை. இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அட்டை உங்களை ஏமாற்றியதாக நீங்கள் உள்ளுக்குள் நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கேட்டுவிடுவது நல்லது.

சாட்சி சொல்கிறவர்கள் எப்போதும் எடுத்தாளும் இன்னொரு வசனம், 'எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்'. பிலிப்பியர் நான்காம் அதிகாரம். அந்த நிருபத்தை ஒரே மூச்சில், முதல் வரியிலிருந்து வாசித்துப் பாருங்கள். நாலே அதிகாரம், இட்லி வேகிற நேரம்தான் ஆகும். எழுதுகிறவர் பவுல், விலங்கில் இருக்கிறார். உயிரோடு வெளியே வருவோமா என்பது அவருக்கே தெரியாது. பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அவருக்குப் பணம் கொடுத்து அனுப்பினார்கள். வந்தவர் நோயில் விழுந்து சாகக்கிடந்தார். பவுல் எழுதுகிறார்: தேவன் அவனுக்கு இரங்கினார், 'துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு' எனக்கும் இரங்கினார் என்று. அதாவது, அந்த மனிதர் இறந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது என்கிறார். 'என் துக்கம் குறையவும்' அவரைத் திருப்பி அனுப்புகிறேன் என்கிறார். அவர் ஊர் போய்ச் சேர்ந்தபிறகும் பவுலுக்குத் துக்கம் குறையுமே தவிர தீராது. மூன்றாம் அதிகாரத்தில் கண்ணீரோடு சொல்கிறேன் என்கிறார். நான்காம் அதிகாரம் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு சகோதரிகளின் மனஸ்தாபத்தைத் தீர்த்துவைக்கும் வேண்டுகோளோடு தொடங்குகிறது. சபைச் சண்டை அன்றும் இருந்திருக்கிறது, நம்மூர் பெண்கள் ஐக்கிய சங்கத்தை மட்டும் குறைசொல்ல வேண்டாம். இந்தத் துக்கம், கண்ணீர், சண்டை எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அந்தத் தேவசமாதானம் வருகிறது.

அந்த இடத்தில் பவுல் என்ன செய்யச் சொல்கிறார்? அமைதியாக உணருங்கள் என்றா? உங்கள் விண்ணப்பங்களைத் 'தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்' என்கிறார், அவ்வளவுதான். தேவனுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? ஆனாலும் சொல் என்கிறார். நீங்கள் இரண்டு மணிக்கு முழங்கால்போட்டுச் சுவரோடு பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் அது இந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவது. 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். சங்கீதங்களில் புலம்பலில் தொடங்குபவை பல, பெரும்பாலும் முடிவில் ஒரு வெளிச்சம் வந்துவிடும். 88இல் வராது. தெரிந்தவர்கள் எல்லோரும் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் ஜெபமென்று வேதத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சொந்த வார்த்தை வராத இரவில் அதை வாய்விட்டு வாசியுங்கள், போதும்.

கிறிஸ்தவச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான நட்பு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஓல்னி என்ற சிறிய ஊர். அங்கே போதகர் ஜான் நியூட்டன், முன்பு அடிமைக் கப்பலின் கேப்டனாக இருந்தவர். பக்கத்தில் குடியிருந்தவர் கவிஞர் வில்லியம் கூப்பர். ஆறு வயதில் தாயை இழந்தவர், இளவயதிலேயே கடும் மனச்சோர்வில் விழுந்து மனநோய் விடுதியில் இருந்தவர், அங்கேதான் விசுவாசத்துக்கு வந்தவர். இருவரும் சேர்ந்து சபைக்குப் பாட்டுக் கட்டினார்கள். 1773 புத்தாண்டு ஆராதனைக்காக நியூட்டன் எழுதியதுதான் 'அமேசிங் கிரேஸ்' என்று இன்று உலகம் முழுக்கப் பாடப்படுகிற பாட்டு. அதே ஜனவரியில் கூப்பர் மறுபடி நொறுங்கினார். தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் அவருக்குள் இறுகிப்போனது. அதற்குப் பிறகு இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார், அந்த எண்ணம் போகவில்லை. கோயிலுக்கும் திரும்ப வரவில்லை.

நியூட்டன் என்ன செய்தார்? அவர் கையில் வசனம் இல்லாமலா இருந்திருக்கும்? கூப்பரைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். ஓராண்டுக்கும் மேல் அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். 1779இல் பாட்டுப் புத்தகம் அச்சானபோது கூப்பரின் பாடல்களும் அதில் இருந்தன. தன் பாட்டைத் தானே நம்பமுடியாத நிலையில் அவர் இருந்தார், சபை பாடிக்கொண்டிருந்தது. 1800இல் கூப்பர் இறந்தபோது நியூட்டன் அவரை நினைத்துச் செய்த பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்ட வசனம், அக்கினியால் எரிந்தும் வெந்துபோகாத முட்செடி.

கூப்பருக்குச் சமாதானம் இருந்ததா? அவரைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். அதை நான் பூசிமெழுகப் போவதில்லை, அது நோய், நோயின் கொடுமை. ஆனால் அவருடைய இரட்சிப்பு அவருடைய உணர்வில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்று நியூட்டன் நம்பினார். நானும் அப்படியே நம்புகிறேன். ரோமர் 5:1இல் பவுல் 'தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம்' என்று எழுதுகிறார். சிலுவையில் நடந்து முடிந்த காரியத்தைச் சொல்கிறார். நேற்று ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வந்ததா இல்லையா என்பதால் அது கூடவோ குறையவோ செய்யாது. மெய்யான சமாதானம் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: உண்டு, அது உங்களுக்கு வராமலும் இல்லை. அதன் சுகம் இன்னும் உங்கள் உடம்பை எட்டவில்லை. எப்போது எட்டும் என்று என்னால் சொல்ல முடியாது. சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு நெடுங்காலம்.

உடம்பு என்றதும் மாத்திரை ஞாபகம் வருகிறது. தவறாமல் போடுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்டபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், திரும்ப எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்' என்றான். தேவன் பேசியதெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில். தூக்கமும் சோறும் முதலில். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். எலியா கேட்டதைப் போல உங்களுக்கும் கேட்கத் தோன்றினால் அன்றைக்கே டாக்டரிடமும் மகளிடமும் சொல்லிவிடுங்கள்.

இல்லாததை எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அதுதான். நாம் ஆராதனையில் கைகோத்துச் சமாதானம் கொடுக்கிறோமே, அது நம் தாத்தா காலத்துச் சபைகளில் இல்லை. 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு, 1950இல் வந்த புதிய திருவிருந்து ஆராதனை முறையில் சேர்த்தார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் நெடுங்காலமாக இருந்த வழக்கம் அது. பின்னர் மேல்நாட்டுச் சபைகள் நம்மைப் பார்த்து எடுத்துக்கொண்டன. நம்மிடமிருந்து அங்கே போன அபூர்வமான காரியங்களில் ஒன்று என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்த முறையில் சமாதானம் யாருடைய நெஞ்சிலிருந்தும் புறப்படுவதில்லை. திருவிருந்து மேஜையண்டையில் தொடங்கி, போதகரான ஐயர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு, அவரிடமிருந்து அடுத்த வரிசைக்கு என்று வருகிறது. ஐயருக்கே அன்று வீட்டில் சண்டை நடந்திருக்கலாம். உங்களுக்கு முன்னால் இருப்பவர் தருவதை வாங்கிப் பின்னால் இருப்பவருக்குக் கொடுக்கிறீர்கள், அவ்வளவே. உங்கள் கையிருப்பை யாரும் கேட்கவில்லை.

உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் சீஷர்கள் பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். இயேசு வந்து 'உங்களுக்குச் சமாதானம்' என்றார். எட்டு நாள் கழித்து அவர் மறுபடி வருகிறார், அப்போதும் கதவு பூட்டித்தான் இருக்கிறது. முதல் தடவை கொடுத்தது என்ன ஆயிற்று என்று அவர் விசாரிக்கவில்லை. திரும்பவும் 'உங்களுக்குச் சமாதானம்' என்றார்.

கொழுந்தன் விஷயம். ரோமர் 12:18 'கூடுமானால் உங்களாலானமட்டும்' எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்கிறது. இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார் பவுல், அவருக்கும் அப்படிப்பட்ட சொந்தக்காரர்கள் இருந்திருப்பார்கள்போல. முகத்தைப் பார்க்க முடியாவிட்டால் இப்போதைக்குப் பார்க்க வேண்டாம், அவருக்குத் தீங்கு நினைக்காமல் இருந்தால் போதும். மன்னிப்பு என்பதற்காக மனையை விட்டுக்கொடுத்து எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அது பிள்ளைகளுடைய பங்கும்கூட. மாமனார் உயில் எழுதாமல் முதலில் இறந்து, பிறகு உங்கள் கணவரும் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கணவருக்குச் சேரவேண்டிய பாகத்தில் மூன்றில் ஒன்று உங்களுக்கு, மீதி பிள்ளைகளுக்கு. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அதை வாங்கிக்கொண்டு, சபைக்கு வெளியே உள்ள ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள்.