அட்வான்ஸ் வாங்கிக்கொண்டுதானே வந்தார்கள்?

அன்புள்ள ஐயா,

ஊத்துக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆள் கடத்தல் பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்கக் கூடாது, சந்தேகமான வேன் நின்றால் தகவல் சொல்ல வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில் செங்கல் சூளை இருக்கிறது. எல்லாம் ஒடிசாக் குடும்பங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் வருவார், கூடவே சூளை ஆள் ஒருவரும் வருவார். இதுவும் ஆள் கடத்தலில் சேருமா? விரும்பி, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டுதானே வருகிறார்கள்? சாதாரண மனிதர்கள் எந்த அடையாளங்களைக் கவனிக்க வேண்டும்? புகார் கொடுத்தால் எங்களுக்கு ஏதும் பிரச்சினை வருமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அடையாளம் கேட்கிறீர்கள். அதை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். வீட்டுக்கு ஒருவர்தான் சந்தைக்கு வருகிறார் என்றால் மற்றவர்கள் எதற்காக உள்ளே இருக்கிறார்கள்? வந்தவர் திரும்பிப் போவதற்கு அவர்கள்தான் பிணை. இதைக் கண்ணால் பார்த்துவிட்டு, கூட்டத்தில் சொன்ன வேனைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த வேன் கதைமேல் எனக்குக் கோபம் உண்டு. 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. வாட்ஸப் வதந்தியை நம்பியிருந்த கூட்டம், பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சொல்லி அவர்களை அடித்தது. வயதான பெண்மணி ஒருவர் செத்தே போனார். அடுத்த வருடம் ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். இருளர் குடும்பங்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிடும் படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். அவரை அங்கே வைத்திருந்தது ஒரு சின்னக் கடன். அந்தக் கடனைப் பற்றி ஊர் கூடி ஒரு கேள்வி கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. மிட்டாய் கொடுத்தவரை அடிக்கக் கை நீளுகிறது, கடன் கொடுத்துப் பிடித்துவைக்கிறவரை முதலாளி என்று கும்பிடுகிறோம்.

சரி, 'விரும்பித்தானே வந்தார்கள்' என்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி அதுதான்.

மேற்கு ஒடிசாவில் பலாங்கீர் வறண்ட மாவட்டம். நம் பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் அங்கே புது நெல்லைச் சாமிக்குப் படைக்கும் நுவாகாய் பண்டிகை. புதுத்துணி எடுக்கவும் பழைய கடன் அடைக்கவும் கையில் காசு வேண்டிய அந்த நாட்களில்தான் 'சர்தார்' எனப்படும் தரகர் வந்து முன்பணம் கொடுக்கிறார். அதை அவர் தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை. கணவன், மனைவி, ஒரு குழந்தை சேர்ந்தது ஒரு 'பத்துரியா'. அந்தக் கணக்குக்குத்தான் பணம். அதாவது அந்தக் குழந்தை ஊரை விட்டுக் கிளம்பும்போதே விலையில் சேர்ந்துவிட்டது. ஈரக் கல்லைத் திருப்பிப் போட எடை குறைந்த பிள்ளைதான் தோது, கல் நசுங்காது. அது ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டீர்களே.

இங்கே வந்த பிறகு வாரச் செலவுக்குச் சில்லறை கிடைக்கும். எத்தனை கல் அறுத்தார்கள், எவ்வளவு கழிந்தது என்ற கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கும். மழை வந்து, இன்னும் சுடாத பச்சைக்கல் கரைந்தால் அந்த நஷ்டமும் பல சூளைகளில் இவர்கள் தலையில்தான். இதற்கு நீங்கள் விருப்பம் என்று பெயர் வைக்கிறீர்கள்.

1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் கட்டிட வேலை செய்தவர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பசியும் வறுமையும் ஒருவரைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய வைத்தால் அதுவும் கட்டாய உழைப்புதான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவிலும், ஆள் கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே இல்லை என்று இருக்கிறது. ஏமாற்றி வாங்கிய சம்மதம், பணம் கொடுத்து வாங்கிய சம்மதம், இரண்டும் சம்மதம் ஆகாது. படித்த நாம்தான் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். நமக்கு அது வசதி.

உங்களைத் திட்டுவதற்கு எனக்கு என்ன தகுதி என்றால், ஒன்றும் இல்லை. போன மாதம் சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவுக்குப் போயிருந்தேன். எங்கள் தெருப் பெண் ஒருத்தியைப் பல வருடங்களுக்குப் பிறகு பார்த்தேன். அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது மில் வேலைக்கு நோட்டீஸ் கொண்டுவந்தவர் வெளியாள் இல்லை, அவளுக்கு மாமா முறை. திண்ணையில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக் காப்பியைத்தான் குடித்தார். அவள் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நோட்டீசை வாசித்துக் காட்டியது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, டிவி, மூன்று வருடம் முடிந்ததும் கல்யாணத்துக்கு மொத்தமாக 40,000 ரூபாய். நல்ல காரியம் என்று என் அம்மாவும் சொன்னாள். சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்று அதற்குப் பெயர்கள் இருந்ததே, அந்தப் பெயருக்கு எந்தத் தாய் மறுப்பாள்?

இரண்டரை வருடம் கழித்து, பஞ்சுத் தூசியில் இருமல் முற்றி, உடம்பு பாதியாகித் திரும்பி வந்தாள். மூன்று வருடம் முடியவில்லை என்று அந்த மொத்தப் பணத்தைக் கொடுக்கவில்லை. 'முடிந்ததும்' என்று நான் வாசித்தபோது, முடியாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் அம்மாவும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சூளையில் முன்னால் கொடுத்த பணம் கட்டிப்போடுகிறது. மில்லில் பின்னால் தருவதாகச் சொன்ன பணம் கட்டிப்போட்டது. விடுதி வார்டன் இல்லாமல் கடைக்குக்கூடப் போனதில்லை என்றாள். உங்கள் சந்தைக்கு வரும் சூளை ஆள் மாதிரிதான்.

கொடையன்று அவள் சொன்னாள்: "அண்ணே, அன்னைக்கு நீங்க வாசிச்சது இன்னும் காதுல இருக்கு." குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

உங்களுக்குப் பிரச்சினை வருமா என்பதை விடுங்கள், அதைச் சமாளிக்கலாம். நீங்களாகச் சூளைக்குள் போய் விசாரிக்க மட்டும் வேண்டாம். ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பார்த்ததை அப்படியே எழுதி மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் மனு கொடுங்கள். 1976-ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இந்தப் பொறுப்பை அவர்கள் கையில்தான் கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி அட்வான்ஸ் கடனே செல்லாது. கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர், வாங்கியவர் இல்லை. மீட்டபின் ஒவ்வொருவருக்கும், கடன் தீர்ந்தது, இனி கொத்தடிமை இல்லை என்று அதிகாரி எழுதித் தரும் விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்களா என்று விடாமல் கேளுங்கள். அது இல்லாமல் ரயிலேற்றிவிட்டால் அடுத்த நுவாகாய்க்கு அதே சர்தார் அதே வாசலில் நிற்பார். பெயர் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிட்டு குழந்தைகளைப் பற்றி மட்டுமாவது சொல்லுங்கள்.

எத்தனை குழந்தைகள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கல் காயவைக்கும் களம் ரோட்டிலிருந்தே தெரியும். நாளைக் காலை அந்த வழியாகப் போகும்போது எண்ணிப் பார்த்து, மனுவில் அந்த எண்ணிக்கையை எழுதுங்கள்.