ஒரே கதை, வேற பகடை, வேற ஆட்டம்: ரோல்பிளேயிங் விதிமுறைகள் பற்றிய கேள்வி பதில்

கே: ஒரே கதையை ஆளுக்கொரு பாத்திரமா டி20-லயும் (இருபது முகப் பகடை) கர்ப்ஸ்லயும் (மூணு பகடை உருட்டுற விதித்தொகுப்பு) ஆடிப் பார்த்தோம். ரெண்டும் வேற வேற ஆட்டம் மாதிரி இருந்துச்சு. பகடை மாறினதுக்கா இவ்வளவு?

ப: ஆமாம், அதற்குத்தான். டி20-ல் எந்த எண்ணுக்கும் 5% வாய்ப்பு. 1 விழுவதும் 11 விழுவதும் ஒன்றுதான். அதனால் கைதேர்ந்தவன் சொதப்புவதும் கற்றுக்குட்டி கலக்குவதும் அடிக்கடி நடக்கும், கூச்சலும் சிரிப்புமாக ஆட்டம் போகும். கர்ப்ஸில் மூன்று அறுமுகப் பகடைகளைக் கூட்டி, திறன் அளவுக்குள் விழுகிறதா என்று பார்க்கிறோம். கூட்டுத்தொகை 10, 11-ஐச் சுற்றியே குவியும். திறன் 10 என்றால் வெற்றி வாய்ப்பு 50%, 12 என்றால் 74%, 14 என்றால் 91%. 14-லிருந்து 15-க்கு ஏறினால் கூடுவது 5%-க்கும் குறைவு. ஆனால் 10-லிருந்து ஒரு புள்ளி இறங்கினால் 12.5% போய்விடும். ஆகவே தேர்ந்தவனை நம்பித் திட்டம் போடலாம். நடுத்தர ஆளுக்கோ, திறனைக் குறைக்கும் இருட்டும் வழுக்கலும் பெரிய பிரச்சினை.

கே: 1 விழுந்தா வாள் கை நழுவும்னு நாங்களா ஒரு விதி சேர்த்தோம். சண்டைக்காரனா ஆடுறவர் கடுப்பாகுறார்.

ப: நியாயமான கடுப்பு. டி20 உருட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் முதல் நிலைச் சண்டைக்காரனுக்குச் சுற்றுக்கு ஒரு வெட்டு: நழுவ 5% வாய்ப்பு. ஐந்தாம் நிலையில் இரண்டு வெட்டு, ஏறக்குறைய 10%. இருபதாம் நிலையில் நான்கு வெட்டு, 18.5%. உலகிலேயே சிறந்த வாள்வீரன் ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை வாளைக் கீழே போடுகிறான்! எதிராளியே பகடை உருட்டித் தப்பிக்கப் பார்க்க வேண்டிய மந்திரங்களை வீசும் மந்திரவாதிக்கு இந்த ஆபத்தே கிடையாது. விதி வேண்டவே வேண்டும் என்றால் சுற்றின் முதல் வெட்டுக்கு மட்டும் வையுங்கள்.

கே: ஐந்து பேர் பதுங்கிப் போனா ஒருதரமும் தப்பினதில்ல. ஏன்?

ப: ஆளுக்கு 70% வாய்ப்பு என்று வைப்போம். ஐந்து பேரும் தனித்தனியாக உருட்டி, எல்லோரும் ஜெயித்தாக வேண்டும் என்றால் மொத்த வாய்ப்பு 17% தான். அதே ஐந்தாம் பதிப்பில் குழு உருட்டுக்கு விதி இருக்கிறது: பாதிப் பேராவது ஜெயித்தால் போதும். ஐவரில் மூவர் என்று கணக்கிட்டால் 84%. இன்னொரு பொறி, ஒவ்வொரு காவலாளிக்கும் புதிதாக உருட்டச் சொல்வது. அதே 70%-ஐ நாலு தரம் கேட்டால் 24% ஆகிவிடும். ஒரே உருட்டு, சூழ்நிலை மாறும்வரை அதுவே செல்லும் என்று வையுங்கள்.

கே: எங்க ஆளுங்க எதைப் பார்த்தாலும் வெட்டத்தான் கிளம்புறாங்க.

ப: எதற்குப் புள்ளி கிடைக்கிறதோ அதைத்தானே செய்வார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 அடிப்படைப் பதிப்பில் சண்டைக்காரன் இரண்டாம் நிலைக்கு ஏற 2000 அனுபவப் புள்ளி வேண்டும். ஓர்க் என்ற அரக்கன் ஒன்றைக் கொன்றால் 10. ஆனால் வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு தங்க நாணயத்துக்கும் ஒரு புள்ளி. 200 ஓர்க்கை வெட்டுவதா, அவை தூங்கும்போது பெட்டியைத் தூக்குவதா? 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் தேவை 300, ஓர்க்குக்கு 100. ஆள் ஒன்றுக்கு மூன்று ஓர்க், வேலை முடிந்தது. வசனம் பேசித் திருத்தாதீர்கள். புள்ளி கொடுக்கும் விதியை மாற்றுங்கள், இரண்டு மூன்று அமர்வில் போக்கு மாறும்.

கே: 2டி6 (ரெண்டு அறுமுகப் பகடை) ஆட்டத்துல எப்பவும் 'ஜெயிச்சது, ஆனா'ன்னே வருது. ஆட்டத்தை நடத்துற ஜி.எம்.-மா எனக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு.

ப: அபோகலிப்ஸ் வேர்ல்ட் வழி வந்த ஆட்டங்களில் 10-ம் அதற்கு மேலும் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி. உருட்டின கூட்டுத்தொகையோடு +1 சேர்ப்பவருக்கு அந்த நடு வரிசை மட்டும் 44%. ஆகவே உருட்டச் சொல்லும் முன்பே விலையை யோசித்து வையுங்கள்: நேரம், பொருள், யாரோ கவனித்துவிடுவது. மூன்றில் ஒன்றும் தோன்றவில்லையா, அங்கே பகடையே தேவையில்லை, நடந்ததாகச் சொல்லிவிட்டுப் போங்கள். பெரிய தவறு, வெற்றியையே பிடுங்குவது. 'பூட்டு திறந்தது, ஆனால் உள்ளே இன்னொரு பூட்டு' என்றால் அது தோல்விதான். 'பூட்டு திறந்தது, கம்பி உடைந்து உள்ளே சிக்கிக்கொண்டது' என்பது விலை.

கே: திகில் ஆட்டத்துக்கு?

ப: கால் ஆஃப் கதுலு. மர்மத்தை அறிய அறிய, மனநிலைப் புள்ளியின் உச்சவரம்பு 99-லிருந்து நிரந்தரமாக இறங்கும். உண்மை தெரிந்துகொள்வதே ஆபத்து என்பதை அந்த ஒரு விதியே உணர்த்திவிடும்.

கே: நிஜச் சண்டை மாதிரி ஒரு சிஸ்டம் எழுதுறோம். தாக்கு, தடுப்பு, அடி விழும் இடம், சேதம், நாலுக்கும் தனி உருட்டு. சரியா வருமா?

ப: ஐந்து ஆட்டக்காரர்கள், ஆறு எதிரிகள் என்று கணக்குப் போடுங்கள். நாலும் நடந்தால் சுற்றுக்கு 44 உருட்டு. ஒன்றுக்கு 15 விநாடி என்றாலும் 11 நிமிடம். ஒருவர் வெட்டிவிட்டு அடுத்த முறைக்குப் பத்து நிமிடம் காத்திருப்பார். அதற்குள் போனை நோண்ட ஆரம்பித்திருப்பார். முதலில் அடி விழும் இடத்தைத் தூக்குங்கள். தாக்குப் பகடையின் கடைசி இலக்கத்தையே இடத்துக்கும் பயன்படுத்தலாம்.