ஐரோப்பிய ரயிலில் மிதிவண்டி: தென்னாப்பிரிக்க வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

டன்யூப் நதிக்கரையில் ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை மிதிவண்டியில் செல்ல நம்மவர்கள் சிலர் திட்டமிட்டு வருகிறார்கள். அந்தப் பயணத்தின் ரயில் பகுதியைப் பற்றி அவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): ஐயா, நாங்கள் ஆறு பேர். பிராங்க்பர்ட்டில் இறங்கி அன்றே பாசாவ் செல்ல எண்ணுகிறோம். மிதிவண்டிகளுக்குத் தனியாக முன்பதிவு தேவையா?

பதில்: எந்த வகை ரயிலில் ஏறப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் மிதிவண்டிக்குச் சீட்டும் வேண்டும், இடமும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்ற மாட்டார்கள். ஐசிஇ எனப்படும் அதிவேக ரயில் வகையில் பழைய வண்டிகள் பலவற்றில் மிதிவண்டிக்கு இடமே கிடையாது. ஐசிஇ 4 எனப்படும் புதிய வண்டியில் உள்ளவை 8 இடங்கள்தான்; அவற்றில் ஆறு ஒரே நாளில் உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்பே முந்திக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021ஆம் ஆண்டு ரயில் பயணிகள் உரிமைச் சட்டம், புதிதாக வாங்கப்படும் வண்டிகளில் குறைந்தது 4 மிதிவண்டி இடங்களாவது இருக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான், ஆனால் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு அது போதாது.

ஆகவே நான் வட்டார ரயிலையே பரிந்துரைப்பேன். அதில் மிதிவண்டிக்கு ஒரு நாள் சீட்டு வாங்கினால் போதும், முன்பதிவு இல்லை. வூர்ஸ்பர்க், நியூரம்பர்க் என மாறி மாறிச் சென்றால் பகல் முழுவதும் கழிந்துவிடும் என்பது உண்மையே; இரவு முழுவதும் விமானத்தில் அமர்ந்து வந்தவர்களுக்கு அது சோர்வைத் தரும் என்பதால், நியூரம்பர்க்கில் ஓர் இரவு தங்கிச் செல்வது நல்லது. ஆறு பேரும் ஒரே வண்டியில்தான் செல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், மூவர் மூவராகப் பிரிந்து அடுத்தடுத்த வண்டிகளில் ஏறுங்கள். தள்ளுநாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் முன்னுரிமை என்பதால், நீங்கள் ஏறி இடம் பிடித்த பிறகும் நடத்துநர் உங்களை இறக்கிவிட நேரலாம். அவரோடு வாதிடுவதில் பயனில்லை.

பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் நெடுந்தூர ரயிலுக்கும் வட்டார ரயிலுக்கும் தனித்தனி நிலையங்கள் உள்ளன. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு புறப்படுவதற்கு முன் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (டொங்காட்): எந்த மாதம் சென்றால் ரயிலில் நெரிசல் குறைவு?

பதில்: பள்ளி விடுமுறை முடிந்த பிறகு. பவேரியாவில் கோடை விடுமுறை செப்டம்பர் நடுப்பகுதி வரை நீள்வதால், ரயில் காலியாகும் நேரமும் நமக்குப் புரட்டாசி பிறக்கும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. விரதம் இருப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஆனால் வட்டார ரயிலில் உணவுப் பெட்டி கிடையாது, மாறும் நிலையங்களிலும் நேரம் குறைவாகவே இருக்கும் என்பதால், காலையிலேயே ரொட்டி, பழம், தயிர் ஆகியவற்றை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். விரதத்துக்காகப் பயணத்தை ஆகஸ்டுக்கு முன்தள்ளினால் நெரிசலோடு மல்லுக்கட்ட நேரும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): ரயில் இரண்டு மூன்று நிமிடங்கள்தான் நிற்குமாமே. சுமையோடு எப்படி ஏறுவது?

பதில்: அமாஷோவா பந்தயத்தில் உங்கள் ஊரிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் மிதித்தவர்கள்கூட இந்த மூன்று நிமிடத்தில் திணறுவதுண்டு. பக்கப்பைகளை நடைமேடையிலேயே கழற்றி, ஒன்றோடொன்று வாரால் கட்டித் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். மிதிவண்டிப் படம் வரைந்த கதவு எங்கே வந்து நிற்கும் என்பதை நடைமேடையில் உள்ள ரயில் பெட்டி வரிசைப் படம் காட்டும். பெட்டிகளின் வரிசை தலைகீழாக மாறி வருவதும் உண்டு என்பதால் அறிவிப்பைக் கவனியுங்கள். ஒருவர் முதலில் உள்ளே ஏறி வாங்க, மற்றவர்கள் முன்சக்கரத்தை உயர்த்தி ஒவ்வொன்றாகக் கொடுங்கள். தொலைவில் இறங்குபவரின் மிதிவண்டி உட்புறமாகவும் முதலில் இறங்குபவரின் மிதிவண்டி வெளிப்புறமாகவும் இருக்க வேண்டும். சில ரயில்களில் முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட வேண்டும். தண்ணீர்ப் புட்டியை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

கேள்வி (லெனேசியா): நாங்கள் முடிவில் சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், நெதர்லாந்து வழியாகத் திரும்ப நினைக்கிறோம். விதிகள் ஒன்றுதானா?

பதில்: இல்லை. சுவிட்சர்லாந்தில் நகரங்களை இணைக்கும் இன்டர்சிட்டி விரைவு ரயில்களுக்கு மார்ச் 21 முதல் அக்டோபர் 31 வரை மிதிவண்டி முன்பதிவு கட்டாயம். பிரான்சின் டிஜிவி எனப்படும் அதிவேக ரயில்களில் பிரிக்காத மிதிவண்டியைச் சிலவற்றில் மட்டுமே, அதுவும் முன்பதிவோடுதான் ஏற்றுவார்கள். கழற்றி 130க்கு 90 சென்டிமீட்டருக்குள் அடங்கும் பையில் இட்டால் மூட்டையாகக் கொண்டுபோகலாம். நெதர்லாந்தில் வார நாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் மிதிவண்டி ஏற்றத் தடை. ஜூலை, ஆகஸ்டில் அந்தத் தடை இல்லை. மடக்கு மிதிவண்டிக்கு எந்த நேரத்திலும் தடையில்லை, கட்டணமும் இல்லை.

கேள்வி (பீனிக்ஸ்): அண்ணா, அம்மாவுக்கு முழங்கால் வலி. அவருடைய மின்மிதிவண்டியை எடுத்து வரலாமா?

பதில்: ரயிலில் தடையில்லை, விமானத்தில்தான் தடை. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலம் அனுமதிக்கப்படாது. மின்மிதிவண்டியின் மின்கலமோ பெரும்பாலும் 400க்கு மேல் இருக்கும். அம்மாவுக்குப் பாசாவ்வில் வாடகைக்கு எடுத்து வியன்னாவில் ஒப்படைத்துவிடுங்கள்; அப்படியானால் இங்கிருந்து செல்லும்போதும் திரும்பும்போதும் அவருக்கு ரயிலில் சுமையே இராது. வழியில் ரயில் ஏற நேர்ந்தால் மின்தூக்கி உள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் அந்த மின்மிதிவண்டி ஏறக்குறைய 25 கிலோ இருக்கும்.

கேள்வி (டர்பன்): முந்தைய ரயில் தாமதமாகி, முன்பதிவு செய்த ரயிலைத் தவறவிட்டால்?

பதில்: மிதிவண்டி இடம் அந்தக் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே உரியது. அடுத்த வண்டியில் இடமிருந்தால் நடத்துநர் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பியிருக்க முடியாது. மாறும் இடங்களில் அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அதே வழியில் செல்லும் வட்டார ரயில்களின் நேரத்தையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (டர்பன்): விமானத்துக்கான அட்டைப்பெட்டியை ரயிலில் கூடவே கொண்டு திரிய வேண்டுமா?

பதில்: வேண்டாம். இறங்கிய ஊரிலேயே விட்டுவிட்டு, திரும்பும் ஊரின் மிதிவண்டிக் கடை ஒன்றுக்கு ஒரு வாரம் முன்பே எழுதி, பழைய பெட்டிகளை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பொதி கட்டும்போது இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இருப்பதால், அதைக் கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும்.